வல்லூறுக்கு வேகவைத்த ஈரல்

அந்தப் பையை இடிச்சிராத, எம்மா. கொஞ்சம் தள்ளிக்கோ. உள்ள கேமரா இருக்கு. என்னோடது இல்ல. எனக்கெதுக்கு கேமரா? தாவீது சாரோடது. தாவீது சார் யாருங்கியா? அதச் சொல்ல ஆரம்பிச்சா வீரவநல்லூர் வரைக்கும் சொல்லணும். நீ எங்க எறங்கணும்? அம்பாசமுத்திரமா? அப்ப சரி. எனக்கு அப்புறந்தான் நீ எறங்கப் போறே. கேளு.

நான் ஆவுடையம்மா. பொம்பளப் பிள்ளைக பள்ளிக்கூடத்துல தையல் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. கல்யாணம் ஆகல. எப்பிடியும் கேப்பே, அதான் நானே சொல்லிட்டேன். அப்பா ரொம்ப வருசம் படுக்கையில கிடந்தாங்க, எனக்கு மாப்பிள்ளை பாக்க வீட்டுல ஒருத்தருக்கும் நேரம் இல்ல. நேரம் கிடைச்சப்போ எனக்கு வயசு இல்ல. அவ்வளவுதான். அதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் கிடையாது. வீடு இருக்கு, வீட்டுக்குப் பின்னால தோட்டம் இருக்கு, பக்கத்து வீட்டுல எங்க மதினி இருக்காங்க, செத்துப்போன அண்ணனோட பொண்டாட்டி. மதினி இருக்கையில தனியா ஒரு வருத்தம் எதுக்கு?

தோட்டம்னா பெரிசா நினைச்சிராத. ஒரு கொய்யா, ஒரு முருங்கை, நாலு வாழை, துவைக்கிற கல்லு. மார்கழி முடிஞ்சு ஒரு நாள் காலையில நான் கல்லுல துணி அடிச்சிக்கிட்டு இருக்கேன். ஏதோ தோணுச்சு, நிமிந்து பாக்கேன், பின்சுவத்துக்கு மேல ஒரு தலை. ஆம்பளத் தலை! மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல ஒரு பெரிய குழல். எனக்கு எப்பிடி இருக்கும்? தொடப்பத்தத் தூக்கிட்டேன். அந்த மனுசன் என்ன சொல்லுதாரு தெரியுமா? மெதுவா, ரகசியமா, "டீச்சர், அசையாதீங்க"ங்காரு. ஒரு அந்நிய ஆம்பள சுவத்துக்கு மேல தலைய நீட்டிக்கிட்டு என்னைய அசையாதீங்கங்காரு! நானும் அசையாம நின்னேன் பாரு. ஏன் நின்னேன்னு இன்னும் எனக்குத் தெரியல.

பாத்தா, என் தலைக்கு நேரா கொய்யாக் கொம்புல ஒரு பறவை. புறா அளவுதான் இருக்கும். சாம்பல் முதுகு, நெஞ்சுல செங்கல் கலர்ல வரிவரியா கோடு, கண்ணு நல்ல சிவப்பு. ஒரு ஓணான காலுக்குக் கீழ அமுக்கி வச்சிக்கிட்டு என்னையப் பாக்குது, 'நீ யாரு என் வீட்டுல'ங்கிற மாதிரி. டிக் டிக் டிக்குனு சுவத்துக்கு மேல சத்தம். அது ஓணானத் தூக்கிட்டுப் பறந்துட்டு. இந்த மனுசன் நின்னுக்கிட்டு இருந்த சைக்கிள் சாஞ்சு, அவரு அந்தப் பக்கம் விழுந்துட்டாரு. நான் ஓடிப் போய்க் கதவத் தொறந்தேன். முட்டியில ரத்தம். கேமராவ மட்டும் நெஞ்சோட அணைச்சு வச்சிருக்காரு.

"வல்லூறு, டீச்சர்! உங்க தோட்டத்துல வல்லூறு வருது! உங்களுக்குத் தெரியுமா?"ன்னு சிரிக்காரு. முட்டி வலிக்கலயான்னு கேட்டா, "எந்த முட்டி?"ங்காரு.

அப்பிடித்தான் பழக்கம். ஈ.பி.யில லைன் இன்ஸ்பெக்டரா இருந்தவரு. அவரு மக என்கிட்ட தையல் படிச்ச பிள்ளை, இப்ப ஓசூர்ல இருக்கா. வீட்டம்மா தவறிட்டாங்க. ரிட்டயர் ஆன பெறகு கேமரா வாங்கி, பறவை பின்னாலயே அலையுதாரு. "கரண்டு கம்பத்துல ஏறி நிக்கும்போதெல்லாம் பருந்து எனக்குக் கீழ பறக்கும் டீச்சர், அப்ப கையில கேமரா இல்ல"ன்னாரு. பாவமா இருந்துச்சு. சுவரேறி விழுந்து சாகுறதுக்கு வாசல் வழியா வந்து எடுங்கன்னு சொன்னேன். மனிதாபிமானம்தான், வேற என்ன?

மறுநாள்லயிருந்து காலையில வந்துருவாரு. கொய்யாவுக்கு எதுத்தாப்புல ஸ்டூலப் போட்டு உக்காந்து, என் பழைய போர்வைய தலையோட மூடிக்கிடுவாரு. பறவைக்கு மனுசன் தெரியக் கூடாதாம். சத்தமும் ஆகாதாம். அதனால காப்பி வேணுமான்னு கேக்கக் கூட நான் கிட்டக்கப் போய்க் குனிஞ்சு, காதுக்குள்ள கேக்கணும். அவரும் காதுக்குள்ளதான் பதில் சொல்லணும். "சீனி கம்மியா"ன்னு சொல்லுததக் கூட ஒரு ஆளு காதுக்குள்ள சொன்னா அது ஒரு மாதிரியாத்தான் இருக்கு, என்ன? நீ ஏன் சிரிக்கே? வல்லூறுக்குக் காது கூர்மை, எம்மா.

படம் எடுத்து முடிச்சா காட்டுவாரு. கேமராவுக்குப் பின்னால தீப்பெட்டிய விடக் கொஞ்சம் பெரிசா ஒரு கண்ணாடி. ரெண்டு பேரும் தலையை ஒட்ட வச்சுத்தான் பாக்கணும். அதுக்கு நான் என்ன செய்ய, கண்ணாடி அம்புட்டுத்தான் இருக்கு. ஒரு படத்துல வல்லூறு ரெக்கைய விரிச்சு எறங்குது, ஒவ்வொரு இறகும் தனித்தனியா நான் மடிப்பு வச்சுத் தச்ச பாவாடை கணக்கா இருக்கு. "ஆத்தாடி!"ன்னு கத்திட்டேன். தோட்டத்துல இருந்த அத்தனை குருவியும் பறந்துட்டு. அவரு கோவப்படல. "இன்னொரு தடவை கத்துங்க டீச்சர், நல்லாருக்கு"ன்னாரு. கோட்டி மனுசன், சரியான கிறுக்கு.

இதெல்லாம் மதினி கண்ணுல படாம இருக்குமா? அவுக மாடிக்கு வத்தல் காயப்போட வர்றது எங்க தோட்டத்தப் பாக்கத்தான். ஒரு நாள் தெருக்குழாயில, எல்லாரும் குடம் வச்சிக்கிட்டு நிக்கையில, கேக்காங்க: "ஆவுடை, அந்த ஆளு எதுக்கு வாராரு?" நான் சொன்னேன், "வல்லூறுக்குத்தான் மதினி." "அப்ப வல்லூறு வராட்டி?" "வராட்டி அவரும் வரமாட்டாரு." "சரி. எல்லாரும் கேட்டுக்கிடுங்க. வல்லூறு நின்னுட்டுன்னா மறுநாள் அந்த ஆளு இந்த வாசல மிதிக்கக் கூடாது. சம்மதமா?" நான் என்ன சொல்ல முடியும்? சம்மதம்னுட்டேன். அதுல என்ன இருக்கு, பறவைக்கு வர்ற மனுசன் பறவை இல்லாட்டி ஏன் வரப் போறாரு?

சொல்லி வாய் மூடல, வல்லூறு நின்னுட்டு.

ஒரு நாள் வரல. மறுநாளும் வரல. அந்த மனுசன் போர்வைக்குள்ள வேர்த்து உக்காந்திருக்காரு. எனக்கு சோறு எறங்கல. பறவைக்கு என்ன ஆச்சோன்னு கவலை, பாத்துக்கோ. வேற ஒண்ணுமில்ல. அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை. வீட்டுக்கு யாரு வந்தாலும் ஒரு வாய் சாப்பாடு போடுறோம். இந்தப் பறவை அம்புட்டு நாள் வந்துச்சே, ஒரு நாளாவது ஏதாவது வச்சோமா? மனசு விட்டுப் போயிருக்கும்லா?

ஆனா அது திங்கிறது என்ன? கறி! எங்க வீடு சைவ வீடு, எம்மா. முட்டை கூட வாசப்படி தாண்டுனது கிடையாது. கேக்குல முட்டை இருக்கும்னு பிறந்தநாளைக்கு பன்னுதான் வெட்டுவோம். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? பஸ் ஏறி சேரன்மாதேவிக்குப் போனேன். நம்ம ஊர்க்கடைன்னா தெரிஞ்சிரும்லா. முந்தானைய தலையில போட்டுக்கிட்டு, கண்ணு மட்டும் தெரிய, கோழிக்கடை முன்னால போய் நின்னேன். கடைக்காரரு நிமிந்து பாத்துட்டு, தெருவே கேக்கிற மாதிரி, "அட, ஆவுடையம்மா டீச்சரு! வாங்க டீச்சர், என் தங்கச்சி உங்ககிட்டத்தான் படிச்சா!"ங்காரு.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தா இப்பிடித்தான், கோழிக்கடையில வந்து நிக்கும். "என்ன வேணும் டீச்சர்?"ன்னு கேட்டாரு. எனக்கு என்ன பேரு தெரியும்? "ஒரு வல்லூறு சாப்பிடுற மாதிரி குடுங்க"ன்னேன். அவரு ஒரு நிமிசம் என் மூஞ்சியவே பாத்தாரு. பெறகு, "ஈரல் தாரேன், மெதுவா இருக்கும்"னாரு. தூக்குவாளியில வாங்கி, மேல ரெண்டு முழம் மல்லிகையப் போட்டு மூடி, கோயிலுக்குப் போயிட்டு வந்த மாதிரி வீட்டுக்கு வந்துட்டேன்.

அடுப்படிக்குள்ள கொண்டு போக முடியுமா? தோட்டத்துல மூணு செங்கல்ல வச்சு, ஒடஞ்ச சட்டியில, மூக்க ஒரு கையில பிடிச்சிக்கிட்டு வேகவச்சேன். மஞ்சப்பொடி, உப்பு, செரிக்கிறதுக்கு ரெண்டு மிளகு. ஏன் சிரிக்கே? வீட்டுக்கு வர்ற விருந்தாளிக்குப் பச்சையா எப்பிடிம்மா குடுக்க? வேகவச்சதத் துண்டு துண்டா நறுக்கி, மதினி கோயிலுக்குப் போன நேரம் பாத்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவத்துல வரிசையா வச்சேன்.

முதல்ல காக்கா வந்துச்சு. அது எதுக்குத்தான் வரல? பெறகு ஊர்ப்பருந்து ஒண்ணு. பெறகு, என்ன சொல்ல, எம்மா, வெள்ளைத் தலை, வெள்ளைக் கழுத்து, உடம்பெல்லாம் செம்மண் கலர்ல, சாட்சாத் கருடன்! வட்டம் போட்டு, வட்டம் போட்டு எறங்குது. தாவீது சார் போர்வைய வீசிட்டு மாடிக்கு ஓடுதாரு, இந்த வயசுல படி ரெண்டு ரெண்டாத் தாவி. "டீச்சர்! டீச்சர்! டீச்சர்!"னு அதத் தவிர வேற வார்த்தை வரல. எனக்கும் காலு தரையில நிக்கல. ரெண்டு பேரும் மாடியில நின்னு சின்னப் பிள்ளைக கணக்கா குதிக்கோம். வல்லூறு மட்டும் வரல. அது தானா பிடிச்ச உயிரத்தான் திங்குமாம், செத்தது எதையும் தொடாதாம். பெறகு சொன்னாரு. ஆனா கருடன் வந்தாச்சே, யாருக்கு வேணும் வல்லூறு?

தினமும் செஞ்சேன். சேரன்மாதேவிக்குப் போக, வேகவைக்க, மாடியில வைக்க. ஒரு நாள் கருடன் படத்தக் காட்டி, "மூக்குல மஞ்சளா ஏதோ ஒட்டியிருக்கு டீச்சர்"ங்காரு. எனக்கு ஈரக்குலையே நடுங்கிட்டு. "மங்களகரமாத்தான இருக்கு"ன்னேன். என்னையப் பாத்தாரு. மீசைக்குள்ள சிரிச்சிக்கிட்டாரு. அந்தச் சிரிப்பு எதுக்குன்னு எனக்கு இன்னைக்கும் புரியல.

ஆனா தெரு சும்மா இருக்குமா? கருடன் தினமும் ஒரு வீட்டு மேல வட்டமிட்டா சாதாரண விசயமா? முதல்ல நாலு பேரு தெருவுல நின்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. மறுநாள் நாப்பது பேரு. அடுத்த தெருவுல இருந்து பிள்ளையத் தூக்கிட்டு வாராங்க. ஒருத்தி என் வாசல்ல கோலமே போட்டுட்டா. எங்க மதினி இருக்காங்களே, அவுக நடுத்தெருவுல நின்னுக்கிட்டுப் பேசுதாங்க: "மூணு தலைமுறையா இந்த வீட்டுல கவிச்சி நுழைஞ்சதில்லம்மா! அந்த சுத்தத்துக்குத்தான் சாமி தேடி வருது!" நான் பக்கத்துல நின்னு தலைய ஆட்டுதேன். கையில மஞ்ச வாடை, ஈரல் வாடை. அந்தக் கையாலயே நானும் கன்னத்துல போட்டுக்கிட்டேன். வேற வழி?

ஆனா ஒண்ணு. தாவீது சாரு வாராருன்னு ஒருத்தரும் வாய் தொறக்கல. கருடன படம் எடுக்காருல்லா. மதினியே அவருக்கு மோர் குடுத்தனுப்புனாங்க. அந்த மோரு குடிச்ச அன்னைக்கு எனக்கு எப்பிடி இருந்துச்சுங்கே? ஊரையே ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு.

இது சேரன்மாதேவியா? இன்னும் நேரம் இருக்கு. கேளு.

அந்த ஞாயித்துக்கிழமை மதினி ஆரத்தித் தட்டோட மாடிக்கே ஏறி வந்துட்டாங்க. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்ச செக்கச்செவேல் தண்ணி, நடுவுல சூடம். கருடனுக்கு ஆரத்தி எடுக்கணுமாம். தாவீது சார் பக்கத்துலயே தரையில உக்காந்து கேமராவ மேல திருப்பி வச்சிருக்காரு. கருடன் எறங்குது, சுவத்து மூலையில மிச்சம் கிடந்த ஒரு துண்டத் தூக்குது, காக்கா தொரத்துது, கருடன் வாய்ல இருந்தது நழுவி, எம்மா, நேரா மதினி தட்டுல வந்து விழுது!

மதினிக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சிப் போச்சு. அத எடுத்துப் பாக்காங்க. மஞ்சள் போட்டு வேகவச்சது. ஈரலக் கண்ணால பாத்திராத மனுசி. "கருணைக்கிழங்கு மாதிரில்லா இருக்கு! சாமி பிரசாதம் குடுத்திருக்கு ஆவுடை!"ன்னு கண்ணுல ஒத்திக்கிட்டு, வாய்க்குக் கொண்டு போறாங்க.

நான் பாஞ்சிட்டேன். எப்பிடிப் பாஞ்சேன்னு தெரியாது. கையத் தட்டி விட்டேன். ஈரல் ஒரு பக்கம், சூடம் ஒரு பக்கம், ஆரத்தித் தண்ணி பூராவும் தாவீது சார் தலையிலயும் கேமராவுலயும். மதினி கண்ணு நெருப்பா நிக்குது. என் வாயில எங்கிருந்துதான் வந்துச்சோ, "கருடன் வாயில இருந்து விழுந்தது கருடனுக்குத்தான் மதினி! மனுசர் தொட்டா தோசம்!"ன்னுட்டேன். மதினி ஒடனே கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. இன்னைக்கு எங்க தெருவுல போய்க் கேளு, அது சாஸ்திரம். மதினியே சொல்லித் தருவாங்க.

தாவீது சார் மூஞ்சியெல்லாம் சிவப்பு வடியுது. கேமராவ வேட்டியில துடைச்சிக்கிட்டே, "ஒண்ணும் ஆகல டீச்சர், ஒண்ணும் ஆகல"ங்காரு. அன்னைக்கோட ஈரலுக்கு முழுக்குப் போட்டுட்டேன். மதினி வாய்க்குள்ள போயிருந்தா நான் நாண்டுக்கிட்டுத்தான் நின்னிருக்கணும். ஈரல் நின்னுச்சு, கருடன் நின்னுட்டு, பருந்து நின்னுட்டு, காக்கா கூட நின்னுட்டு.

ஆனா மனுசன் நிக்கல.

தினமும் வாராரு. காலியா இருக்க கொய்யாக் கொம்பப் பாத்து உக்காருதாரு. நான் என்ன செய்வேன்? "இப்பத்தான் சார் வல்லூறு வந்துட்டுப் போச்சு, நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முந்தி"ன்னு அவருகிட்டயும் சொன்னேன், மதினிகிட்டயும் சொன்னேன். தினமும் ஒரு பொய். ஒரு நாள் ஓணானத் தூக்குச்சுன்னேன், ஒரு நாள் அணிலுன்னேன். "அப்பிடியா, நாளைக்குப் பாப்போம்"னு வெறுங்கொம்ப டிக் டிக்குன்னு எடுக்காரு. எனக்கு மனசு கிடந்து அடிச்சுக்கிடும். பறவையே இல்லாம ஒரு நல்ல மனுசன இப்பிடி ஏமாத்துதோமேன்னு.

நேத்து என்னாச்சு, கேளு. எடுத்த கொம்பையாவது காட்டுங்க சாருன்னேன். "பெறகு பாப்போம்"னாரு. கை கழுவப் போனாரு. நான் கேமராவ எடுத்து அமுக்குனா, கண்ணாடியில படம் வரல. வெளிச்சம் இல்ல. குழலுக்குள்ள பாத்தா செக்கச்செவேல்னு ஆரத்தி காஞ்சு போய் ஒட்டியிருக்கு. அந்த ஞாயித்துக்கிழமையே செத்துட்டு, எம்மா! செத்த கேமராவ வச்சிக்கிட்டு தினமும் வந்து உக்காந்திருக்காரு! டிக் டிக்குங்கிற சத்தம் கூட, அவரு நாக்காலதான் போட்டிருக்காரு!

எனக்கு வந்ததே கோவம். "இது என்ன ஏமாத்து வேலை? என் வீட்டுல உக்காந்து, என் காப்பியக் குடிச்சிக்கிட்டு!"ன்னு கத்துனேன். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி தலையக் குனிஞ்சு நிக்காரு. "ரிப்பேருக்குக் குடுத்தா கடையில வச்சுக்கிடுவான் டீச்சர். கேமரா இல்லாம என்ன சொல்லிட்டு இங்க வர?"ங்காரு. பாரேன். கேமரா இல்லாட்டி படம் எடுக்க முடியாதாம். இது ஒரு பதிலா? பிடுங்கிப் பையில போட்டேன், நானே சரி பண்ணிட்டு வாரேன்னுட்டு இன்னைக்கு முதல் பஸ்ஸுக்கு திருநெல்வேலிக்குக் கிளம்பிட்டேன்.

ஜங்ஷன்ல கடைக்காரப் பையன் கழட்டிப் பாத்தான். "பாட்டி, இது அவ்வளவுதான்"ங்கான். பாட்டியாம்! கேமராவ வாங்கிப் பையில போட்டேன். பஸ் ஸ்டாண்டுல உக்காந்து அழுதேன், எம்மா. ஒரு கேமராவுக்குப் போய் ஒரு பொம்பளை அழுவாளா? அழுதேன். வல்லூறும் இல்ல, கருடனும் இல்ல, இப்ப கேமராவும் இல்ல. நாளைக்குக் காலையில அந்த ஸ்டூலு காலியாத்தான் இருக்கும். அது எனக்குப் பொறுக்காது. சொல்லிட்டேன் பாரு. உன்கிட்டச் சொல்லுறதுக்கு என்ன, நீ அம்பாசமுத்திரம் போயிருவே.

அதான் பஸ் ஏறுததுக்கு முந்தியே ஒரு பொய் யோசிச்சு வச்சிருக்கேன். கேமரா கடையில இருக்கு, சரியாக நாளாகும், ஆனா வல்லூறு கொய்யாவுல கூடு கட்டுது, நீங்க வெறுங்கண்ணால வந்து பாருங்கன்னு. நல்லாருக்கா? கேமராவ இந்தப் பைக்குள்ளயே ஒளிச்சிரலாம். மதினியும் ஒண்ணும் சொல்ல முடியாது, கூடுன்னா குஞ்சு பறக்குற வரைக்கும் தாங்கும்லா.

வீரவநல்லூர் வந்துட்டு. இரு, பையை எடுத்துக்கிடுதேன். என்ன? எங்க? யாரு நிக்காங்க?

ஆத்தாடி. அவருதான். எந்த பஸ்ஸுன்னு கூட நான் சொல்லல. வெயில்ல எம்புட்டு நேரமா நிக்காரோ, சட்டையெல்லாம் நனைஞ்சு கிடக்கு. பாரு, பக்கத்துலயே மதினியோட குழாய்க்கூட்டத்துல பாதிப் பேரு, கீரை வாங்குத மாதிரி நின்னுக்கிட்டு அவரையே பாக்காங்க. அவரு ஒருத்தரையும் பாக்கல. கையில ஒண்ணுமே இல்ல, எம்மா. சும்மா நிக்காரு. சொல்லிக்கிட ஒரு காரணம் கூட இல்லாம, நடு பஸ் ஸ்டாண்டுல, சும்மா வந்து நிக்காரு!

என் தலை கலைஞ்சிருக்கா? மூஞ்சி அழுத மாதிரியா இருக்கு? இருந்தா இருக்கட்டும். கூடும் வேண்டாம், குஞ்சும் வேண்டாம். எறங்குன ஒடனே, குழாய்க்கூட்டம் பூராவும் கேக்க, சத்தமாச் சொல்லப் போறேன்: "வல்லூறு போய் ரொம்ப நாளாச்சு சார். நீங்க நாளைக்கு வாங்க." கண்டக்டர் தம்பி, ரைட்டு குடுத்துராதீங்க! ஆள் எறங்கணும்!